வெயில் சாதி பார்த்து அடிக்குமா? (காலநிலை, பெண்ணியம், இன்ன பிற)

24 மே 2025, காலை. ஒரு வாசகரின் கேள்வி

"அக்கா, வெயில் சாதி பார்த்து அடிப்பதில்லை. புயல் ஆதார் கார்டு கேட்டுவிட்டு வருவதில்லை. அப்படியிருக்க, காலநிலை பற்றிப் பேச வருகிறவர்கள் பெண்ணியம், தலித், திருநங்கை, ஓரினச்சேர்க்கை என்று எல்லாவற்றையும் இழுத்துப் போடுவது எதற்கு? கார்பனைக் குறைக்க வேண்டும், கதை முடிந்தது. இந்தக் குறுக்குவெட்டுப் பெண்ணியம் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இருந்து இறக்குமதியான சரக்கு. நம் ஊருக்கு இது தேவையா?"

24 மே, இரவு

வெயில் ஆள் பார்ப்பதில்லைதான். ஆனால் ஆளைக் கொண்டுபோய் வெயிலில் நிறுத்துவது வெயில் இல்லையே தம்பி.

தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு சுமப்பவர்களில் பெண்கள் ஏராளம். மேலே இருந்து வெயில் அடிக்கும், கீழே இருந்து உப்பின் வெள்ளை அதைத் திருப்பி அடிக்கும். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பாத்திதான், ஒதுங்க மறைவு கிடையாது. கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அந்த வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீரகம் என்ன ஆகும் என்று டாக்டரைக் கேட்க வேண்டியதில்லை.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்து ஆய்வாளர்கள் 2017ல் தொடங்கி தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலையும் அபாயமும் குழந்தை இறந்து பிறக்கும் அபாயமும் கிட்டத்தட்ட இரு மடங்கு. முடிவு 2024ல் வெளிவந்தது. இதைப் பெண்கள் பிரச்சினை என்று மட்டும் எழுதினால் ஏசி அறையில் உட்கார்ந்து வேலை செய்யும் கர்ப்பிணியும் உப்பளத்துக் கர்ப்பிணியும் ஒரே வரியில் வந்துவிடுவார்கள். தொழிலாளர் பிரச்சினை என்று மட்டும் எழுதினால் கர்ப்பம் என்ற ஒன்றே கணக்கில் வராது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தப் பெண் கண்ணுக்குத் தெரிகிறார். இப்படிச் சேர்த்துப் பார்ப்பதைத்தான் குறுக்குவெட்டுப் பெண்ணியம் என்கிறார்கள்.

கார்பனைக் குறைக்க வேண்டாம் என்று யார் சொன்னது? குறைப்போம். அது குறைந்து வெயில் தணிகிற வரைக்கும் உப்பளத்தில் நிற்கப்போவது யார் என்பதும் காலநிலைக் கேள்விதான்.

25 மே

"அமெரிக்கச் சரக்கு" என்றதற்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

சரக்கு அமெரிக்காதான், மறுக்கவில்லை. ஆனால் அது கிளம்பிய இடம் ஒரு கார் தொழிற்சாலை. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1964க்கு முன்னால் அங்கே கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. அப்புறம் எடுத்தார்கள். 1970களில் ஆட்குறைப்பு வந்தபோது கடைசியில் சேர்ந்தவர்கள் முதலில் வெளியே என்று விதி. கடைசியில் சேர்ந்தவர்கள் யார்? இவர்கள்தான். 1976ல் நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? கம்பெனி பெண்களை எடுத்திருக்கிறது, அதனால் பால் பாகுபாடு இல்லை. கறுப்பினத்தவரையும் எடுத்திருக்கிறது, ஆகவே இனப் பாகுபாடு என்றால் அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டையும் சேர்த்து ஒரு புது வகை உண்டாக்க முடியாது என்றது. எடுக்கப்பட்ட பெண்கள் அலுவலகத்து வெள்ளைக்காரப் பெண்கள், எடுக்கப்பட்ட கறுப்பினத்தவர் பட்டறை ஆண்கள். நடுவில் இருந்தவர்கள் காணாமல் போனார்கள். இந்தத் தீர்ப்பை எடுத்து வைத்துக்கொண்டுதான் சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989ல் குறுக்குவெட்டு என்ற சொல்லைத் தந்த கட்டுரையை எழுதினார்.

வேலை போன ஐந்து பேரின் வழக்கு இது. திருப்பூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ நடந்தது என்று சொல்லியிருந்தால் நீங்கள் இறக்குமதி என்று சொல்லியிருப்பீர்களா?

27 மே

புயல் ஆதார் கேட்காது என்றீர்கள். சரி. புயல் போன மறுநாள் வருகிறவர்கள் கேட்பார்கள்.

சுனாமி வந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். 2005 ஜனவரியில் ஒரு தன்னார்வக் குழுவோடு கடலூர்ப் பக்கம் போனேன். எனக்குக் கொடுத்த வேலை கணக்கெழுதுவது. சாலை ஓரமெல்லாம் பழைய துணி மலையாகக் கிடந்தது. ஊர் ஊராக லாரியில் கொண்டுவந்து தட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கோட்டு, சூட்டு, கிழிந்த பேன்ட், எல்லாம் இருக்கும். பெண்களுக்கு அந்த நேரத்தில் உண்மையாகவே தேவைப்பட்டது உள்ளாடையும் மாதவிடாய்த் துணியும். அது எந்த லாரியிலும் வரவில்லை. கேட்கவும் கூச்சம், கேட்டால் எழுதிக்கொள்ள என் படிவத்தில் கட்டமும் இல்லை.

கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களில் பெண்கள் 391, ஆண்கள் 146 என்று ஆக்ஸ்ஃபாம் பின்னால் கணக்கு வெளியிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை. ஆண்களில் பலர் கடலில், ஆழத்தில் அலை தெரியவே இல்லை. பெண்கள் கரையில், படகு வந்தால் மீனை ஏலம் எடுக்கக் காத்துக்கொண்டு. அல்லது வீட்டில் பிள்ளைகளோடு. புடவையோடு ஓட முடியாது, நீந்தக் கற்றுக்கொடுத்தவர் யாரும் இல்லை. கடல் ஓரத்திலேயே பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு நீச்சல் தெரியாது என்பதை நான் அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

இது வரைக்கும் "பெண்கள்" என்ற ஒரே சொல் போதும். அதற்கப்புறம் போதவில்லை.

கரையோர மீனவர் ஊர்களில் வரி என்று ஒன்று உண்டு. ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தலைக்கட்டு வரி. கல்யாணமான ஆண் என்றால் ஒரு வரி. பொது வருமானம் வந்தாலும் நிவாரணம் வந்தாலும் வரிக்கணக்கில்தான் பிரியும். கைம்பெண்ணுக்குச் சில ஊரில் அரை வரி, சில ஊரில் அதுவும் இல்லை. நாங்கள் போய் நின்றதும் பெரியவர்கள் அந்த வரிக்கணக்கு நோட்டைத்தான் நீட்டினார்கள். கெட்ட எண்ணத்தோடு இல்லை, ஊரின் கணக்கே அதுதான். தலைச்சுமையாக மீன் விற்றுப் பிழைத்த ஒரு பெண், புருஷன் போய் வருஷக்கணக்காகிறது, பையன் பள்ளிக்கூடம். அந்த நோட்டில் அவர் பெயர் எங்குமே இல்லை. படகு போனவருக்கு இழப்பீடு, வலை போனவருக்கு இழப்பீடு. தன் கூடையும் அன்னக்கூடையும் கடன் வாங்கிய முதலும் போனதற்கு எந்தக் கட்டம் என்று அவர் என்னிடம் கேட்டார். என் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அதே ஊரின் பின்பக்கம் தலித் குடும்பங்கள். வலை இழுக்கக் கூலி, மீன் சுமக்கக் கூலி, வயல் கூலி. படகு அவர்களுக்குச் சொந்தம் இல்லை, ஆகவே "பாதிக்கப்பட்ட மீனவர்" இல்லை. கடல் வேலை நின்றதும் அவர்கள் கூலியும் நின்றது, அது எங்கும் பதிவாகவில்லை. முகாமில் தண்ணீருக்கு வரிசை வேறு, சில இடங்களில் முகாமே வேறு.

திருநங்கைகள் எங்கள் தாளில் மட்டுமா இல்லை, அரசின் தாளிலும் இல்லை. பாதிப் பேருக்கு ரேஷன் கார்டு கிடையாது, இருந்தால் அதில் ஆண் பெயர். முகாமில் ஆண்கள் பக்கம் படுத்தால் ஒரு தொல்லை, பெண்கள் பக்கம் போனால் இன்னொரு தொல்லை. ஆகவே அவர்கள் முகாமுக்கே வரவில்லை. வராதவரை எண்ண முடியாது என்று எங்கள் மேற்பார்வையாளர் சொன்னார். நல்ல மனிதர்தான்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். பின்னால் கட்டிக் கொடுத்த வீடுகளுக்குக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பட்டா என்று அரசு முடிவெடுத்தது. அதனால் பல பெண்கள் பெயரில் முதல்முறையாகச் சொத்து வந்தது. கணவன், மனைவி என்ற ஜோடிக்குள் வராதவர்கள் பழையபடி வெளியே.

28 மே

"ஒக்கி புயலில் செத்தது ஆண்கள்தானே, அப்போது எங்கே போனது உங்கள் பெண்ணியம்?" என்று கன்னியாகுமரி அன்பர் கேட்கிறார்.

நல்ல கேள்வி, நேற்று எழுதியதை இது கொஞ்சம் திருத்துகிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி ஆழ்கடலில் இருந்தவர்களை அள்ளிக்கொண்டு போனது, ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் ஆண்கள். ஆக பேரிடரில் எப்போதும் பெண்தான் அதிகம் சாவாள் என்று சூத்திரம் போட முடியாது. யார் எந்த வேலைக்காக எங்கே நின்றார்கள் என்பதைப் பொறுத்தது.

உடல் கிடைக்காதவரின் மனைவி சட்டப்படி கைம்பெண்ணும் இல்லை, சுமங்கலியும் இல்லை. காணாமல் போனவரை இறந்தவர் என்று கொள்ள ஏழு வருஷம் என்பது பொது விதி. அதைத் தளர்த்த வேண்டியிருந்தது. காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லிக் குழித்துறை ரயில் நிலையத்தில் உட்கார்ந்து ரயிலை மறித்த கூட்டத்தில் யார் இருந்தார்கள் என்று பழைய படங்களைத் தேடிப் பாருங்கள்.

30 மே

சின்ன ஓய்வு. சூழலைக் காக்க வீட்டில் என்ன செய்யலாம் என்று ஒரு பட்டியல் வாட்ஸாப்பில் வந்தது. துணி நாப்கின், மண்பானை, எவர்சில்வர் டப்பா எடுத்துப்போய் மாவு வாங்குவது, குப்பையை மூன்றாகப் பிரிப்பது, வீட்டிலேயே பாத்திரம் கழுவப் பூந்திக்கொட்டைக் கரைசல். எல்லாம் நல்லதுதான். யார் துவைப்பது, யார் கழுவுவது, யார் பிரிப்பது என்று மட்டும் பட்டியலில் இல்லை. அனுப்பியவர் என் மாமா. அவர் வீட்டில் குப்பை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

துணி நாப்கினுக்குத் தண்ணீர் வேண்டும், வெயிலில் காயப்போட இடம் வேண்டும். சென்னையின் ஆற்றோரத்து மக்களைக் கொண்டுபோய் வைத்த பெரும்பாக்கம் குடியிருப்பில் ஏழாவது மாடியில், தண்ணீர் வராத நாளில், லிஃப்ட் ஓடாத நாளில், அதைச் சொல்லிப் பாருங்கள்.

1 ஜூன்

பெரும்பாக்கம் பற்றி மேலே எழுதுங்கள் என்கிறார்கள்.

2015 வெள்ளத்துக்கு அப்புறம் அடையாறு, கூவம் கரையில் இருந்தவர்களை வெள்ளத் தடுப்பு, நதி மீட்பு என்று சொல்லி நகருக்கு வெளியே கொண்டுபோனார்கள். போன இடம் பெரும்பாக்கம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கம். அங்கேயும் மழைக்குத் தண்ணீர் நிற்கிறது. வெள்ளத்தில் இருந்து காப்பாற்றி வெள்ளத்தில் விட்டதைத் திட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆற்றோரத்தில் ஆக்கிரமித்திருந்த பெரிய கட்டடங்கள் இன்னும் அங்கேயே இருக்கின்றன.

அந்தப் பெண்களில் நிறையப் பேர் வீட்டு வேலை பார்ப்பவர்கள். மயிலாப்பூரில் காலை ஆறு மணிக்குக் கோலம் போட வேண்டும் என்றால் பெரும்பாக்கத்தில் எத்தனை மணிக்குக் கிளம்புவது? பலர் வேலையை விட்டார்கள். 2021ல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்று வந்தபோது இவர்களில் சிலர் மறுபடி வேலைக்குப் போனார்கள். எங்கள் வீட்டுக்கு வருகிற அக்காவே அப்படித்தான். கொஞ்ச நாளில் திருநங்கைகளுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் அது விரிந்தது. பேருந்தில் ஆளை ஏற்றுவதைவிடப் பெரிய காலநிலைத் திட்டம் ஒரு நகரத்துக்கு என்ன இருக்கிறது? ஆனால் "ஓசி டிக்கெட்" என்று கேலி செய்தவர்களில் சூழல் ஆர்வலர்களும் உண்டு. பெயர் சொல்லவில்லை.

3 ஜூன்

மன்னார் வளைகுடா. இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது, ஏனென்றால் இங்கே எதிரில் நிற்பது நம் ஆட்கள், சூழலைக் காக்கிறவர்கள்.

பாம்பன், ராமேஸ்வரம் பக்கத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடல்பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து முங்குவார்கள். இங்கே நீச்சல் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள், கடலூர்க் கரை போல் இல்லை. அவர்கள் எடுக்கும் பாசி ஐஸ்கிரீம் வரைக்கும் போகிறது.

1986ல் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் தேசியப் பூங்கா ஆனது. ஒரே நாளில் இந்தப் பெண்கள் அத்துமீறி நுழைபவர்கள் ஆனார்கள். பாசியைப் பறிமுதல் செய்வது, அபராதம், மிரட்டல். கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகும் விசைப்படகை மறிப்பது கஷ்டம், இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் பெண்ணை மறிப்பது சுலபம். விசைப்படகுக்குச் சங்கம் இருந்தது. மீனவர் என்று அடையாள அட்டை கேட்டால் பாசி எடுப்பது மீன்பிடிப்பே இல்லை என்று ஒரு வாதம்.

அப்புறம் அவர்களே கூடிப் பேசிக் கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். இரும்புச் சுரண்டி வேண்டாம், பவளப்பாறையைத் தொடக் கூடாது, மாதத்தில் சில நாட்கள்தான் எடுப்பது. இதற்காகப் பாசி எடுக்கும் சின்னப்பாலம் கிராமத்து லட்சுமி 2015ல் சீகாலஜி விருது வாங்கினார், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்கு அமெரிக்காவில் கொடுப்பது. பள்ளிக்கூடம் போகாத பெண். விருது வந்தும் சட்டத்தில் அவர் நிலை மாறவில்லை.

காடு, கடல், புலி எதைக் காக்கப்போனாலும் முதலில் கண்ணில் படுவது அங்கே பிழைக்கும் ஏழைப் பெண்தான். தர்மபுரி வாச்சாத்தியில் 1992 ஜூனில் சந்தனமரத் தேடல் என்று போன வனத்துறையினரும் போலீசும் மலையாளி என்ற பழங்குடியினரின் ஊர் ஒன்றை என்ன செய்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். 18 பெண்கள் மீது பாலியல் வன்முறை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 அரசு ஊழியர்கள். தண்டனை 2011ல், உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பரில். ஊர் முழுக்க ஆண்களும் இருந்தார்கள், தமிழ்நாடு முழுக்கப் பெண்களும் இருந்தார்கள். அந்த 18 பேர் பழங்குடிப் பெண்களாக இருந்ததால்தான் அப்படி நடந்தது, 31 வருஷமும் ஆனது.

3 ஜூன், நள்ளிரவு

மேலே எழுதியதைப் படித்தால் பாசிப் பெண்களைக் கடல்மாதா ஆக்கிவிட்டது போல இருக்கிறது. வேண்டாம். கப்பாபைக்கஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை மூங்கில் மிதவை கட்டி வளர்த்தவர்களும் சுய உதவிக் குழுப் பெண்கள்தான். அது குருசடைத் தீவுப் பக்கம் பவளத்தின் மேல் படர்ந்து மூடியது. அதைத் தொழிலாக்கியது கம்பெனி, கடன் கொடுத்தது வங்கி, வருமானம் தேவைப்பட்டது வீட்டுக்கு.

பெண் என்றாலே இயற்கைக்கு நெருக்கம் என்கிற பேச்சைப் பொருளியல் அறிஞர் பினா அகர்வால் 1990களிலேயே மறுத்திருக்கிறார். உறவு வருவது ரத்தத்தில் இருந்து இல்லை, யார் விறகு பொறுக்குகிறார், யாரிடம் நிலம் இருக்கிறது என்பதில் இருந்து. நிலம் உள்ள வீட்டுப் பெண்ணும் நிலமற்ற பெண்ணும் ஒரே மரத்தை ஒரே மாதிரி பார்ப்பதில்லை. என் பாட்டிக்கு மரம் என்றால் விறகு, எனக்கு நிழல்.

6 ஜூன்

"சாதி, வேலை எல்லாம் சரி. யார் யாரைக் காதலித்தால் காலநிலைக்கு என்ன?" புதிதாக வந்தவர்.

வானிலைக்கு ஒன்றும் இல்லை. நிவாரணத்துக்கு உண்டு. ரேஷன் கார்டுக்குத்தான் வெள்ள நிவாரணம், கார்டு குடும்பத்துக்குத்தான். இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்ந்தால் அது குடும்பமா? 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தன்பால் திருமணத்தை ஏற்க மறுத்தது. ஆனால் 2024ல் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது: இப்படிச் சேர்ந்து வாழ்பவர்களை ரேஷன் கார்டுக்கு ஒரே வீட்டாராகக் கொள்ளலாம். அப்புறம் பேப்பரில் இப்போதுதான் பார்த்தேன், மே 22ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு பெண்ணை அவர் துணையோடு போக விட்டிருக்கிறது. குடும்பம் உண்டாக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்று இல்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்கிறது தீர்ப்பு.

சொந்த வீட்டில் அடித்து விரட்டப்பட்ட ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். வெள்ளத்தின்போது எல்லோரும் "சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருங்க" என்றார்கள். அவளும் அவள் தோழியும் வாடகை வீட்டின் மொட்டை மாடியில் இருந்தார்கள்.

7 ஜூன்

ஜெனரல் மோட்டார்ஸ் கதை நம் ஊரில் நடந்தால் எப்படி இருக்கும் என்று ஒருவர் கேட்டிருந்தார். நடந்தது. 2015ல் தமிழ்நாடு அரசு திருநர்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. தலித் திருநங்கை என்ன செய்வார்? திருநங்கை என்று போனால் தலித்துக்கான இடம் போகும். தலித் என்று போனால் அங்கே மற்ற ஆண் பெண்களோடு போட்டி, திருநங்கை என்பது கணக்கில் வராது. தூத்துக்குடி மாவட்டத்து கிரேஸ் பானு, தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் திருநங்கை, தலித். ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் திருநர்களுக்குத் தனிப் பங்கு, அதாவது கிடைமட்ட ஒதுக்கீடு வேண்டும் என்று அவர் வருஷக்கணக்காகக் கேட்கிறார். கர்நாடகம் 2021ல் ஒரு சதவீதம் கொடுத்துவிட்டது. 2024ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த 2015 ஆணையை ரத்து செய்தது, பாலினத்தைச் சாதி போல வைக்க முடியாது என்று.

அந்த ஐந்து பேரிடம் இரண்டையும் சேர்க்காதே என்றது நீதிமன்றம். இவரிடம் ஒன்றைத் தேர்ந்தெடு என்றது அரசாணை.

9 ஜூன்

தத்துவம் தெரியாமலே இதை யாராவது செய்திருக்கிறார்களா என்றால், கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். தலித் குடும்பத்தில் பிறந்தவர், காந்தியர். 1968 கீழ்வெண்மணியில் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு கணவரோடு தஞ்சைப் பக்கம் போனார். 1981ல் உழவருக்கு நிலம் பெற்றுத்தர லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார். நிலத்தைப் பேசி வாங்கி நிலமற்ற தலித் குடும்பங்களுக்குக் கொடுத்தார், பெண்கள் பெயரில் எழுதினார். ஆண் பெயரில் எழுதினால் அடகுக்கும் சாராயத்துக்கும் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். 1990களில் நாகப்பட்டினக் கரையில் இறால் பண்ணைகள் வந்து நிலத்தடி நீரை உப்பாக்கின. வயல் போனதும் வயல் கூலி போனது, குடிநீருக்கு நடை கூடியது, இரண்டும் பெண்கள் தலையில். அவர் கணவர் ஜெகந்நாதன் போட்ட வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதியில் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது. நிலம், சாதி, பெண், கடல் எல்லாம் ஒரே வழக்கில் வந்தன. யாரும் இழுத்துப் போடவில்லை.

10 ஜூன்

கேள்வி கேட்ட தம்பி திரும்பி வந்திருக்கிறார். பாதி ஒப்புக்கொள்கிறாராம், மீதியைக் கடற்கரைச் சூழல் கூட்டத்தில் வந்து பேசச் சொல்கிறார். வருகிறேன். மீன் விற்கும் பெண்களையும் அழைத்திருக்கிறோம், அவர்கள்தான் வருவதில்லை என்று ஒரு வருத்தமும் எழுதியிருக்கிறார்.

கூட்டம் ஞாயிறு காலை பத்து மணி என்று நோட்டீசில் இருக்கிறது. வாரம் முழுக்க அவர்களுக்கு நல்ல வியாபாரம் அந்த ஒரு காலைதான். செவ்வாய்க்கிழமை பிற்பகலுக்கு மாற்றுங்கள். பேருந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள், கழிப்பறை இருக்கிற மண்டபமாகப் பாருங்கள்.